தனித்து நின்றவர்களும் தனித்து விடப்பட்டவர்களும்

வணக்கம் ஐயா,

நான் சிகாகோ பக்கத்தில் இருக்கிறேன். மகன் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2025 டிசம்பர் 7 அன்று காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃபில் ஆடப்போகும் 12 அணிகளை அறிவித்தார்கள். நோட்டர் டேம் அதில் இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றபின் அடுத்த பத்தையும் வரிசையாக ஜெயித்த அணி. அன்றிரவு போனில் பையன் அழுதுவிட்டான்.

எனக்குப் புரியாதது இதுதான். பிக் டென் கான்ஃபரன்ஸில் இருக்கும் கல்லூரிகளுக்கு வருடத்துக்கு 60 மில்லியன் டாலருக்கு மேல் பங்கு கிடைக்கிறது என்கிறார்கள். நோட்டர் டேம் மட்டும் ஏன் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் நிற்கிறது? இப்போதாவது பிக் டென்னில் சேர வேண்டாமா? எழுத்தாளன் எந்தக் குழுவிலும் சேரக்கூடாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இதுவும் அதுபோலத்தான் என்று மகனிடம் சொன்னேன், சரிதானா? வாலிபால், நீச்சல் மாதிரியான மற்ற விளையாட்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஃபுட்பால் சம்பாதித்துத் தரும் பணத்தில்தானே அவை நடக்கின்றன.

ர.

அன்புள்ள ர.,

முதலில் பையன். அவனிடம் "ஒரு ஆட்டத்துக்குப் போய் அழுவாயா" என்று கேட்டுவிடாதீர்கள். தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காக அழத் தெரிந்த பிள்ளை அவன். அந்த வயதில் அது நல்ல குணம்.

எழுத்தாளனை நோட்டர் டேமோடு சேர்த்துச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு தனி மனிதனின் மனசாட்சியும் ஒரு பல்கலைக்கழகத்தின் வரவுசெலவும் வேறு வேறு விஷயங்கள். மகனுக்கும் அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இந்தத் தளத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. காலேஜ் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். கான்ஃபரன்ஸ் என்பது பத்துப் பதினெட்டு கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடி, ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு. எந்தக் கூட்டிலும் சேராத அணி இண்டிபெண்டன்ட். பிளேஆஃப் என்பது பருவ முடிவில் தேர்ந்தெடுத்த 12 அணிகள் தேசியப் பட்டத்துக்காக ஆடும் சுற்று.

நோட்டர் டேம் அப்படி நிற்பதற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. இன்று பிக் டென் என்று சொல்கிறோமே, அந்த அமைப்பின் கதவை நூறு வருடத்துக்கு முன் நோட்டர் டேமே தட்டியது. சேர்க்க மறுத்தார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். கத்தோலிக்கர்கள் மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. அக்கம்பக்கத்தில் ஆட ஆள் இல்லை என்றதும் பயிற்சியாளர் நூட் ராக்னி பையன்களை ரயிலேற்றி நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் கூட்டிப்போனார். போன ஊரிலெல்லாம் ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகள் அந்த அணியைத் தங்கள் அணியாக எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத தொழிலாளிகள் அவர்கள். பின்னாளில் டெலிவிஷன்காரர்கள் விலைகொடுத்து வாங்கியது அந்த ஜனங்களின் விசுவாசத்தைத்தான்.

1984 வரை எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று ஜெயித்தன. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் ஒயிட் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். பணம் பண்ணும் வேகத்தில் கல்லூரி ஆட்டத்தின் கல்வி நோக்கம் அடிபட்டுப்போகும் என்று அவர் கவலைப்பட்டார். அவர் கவலை எவ்வளவு சரி என்பதைக் கீழே சொல்கிறேன். 1990ல் நோட்டர் டேம் தன் சொந்த மைதான ஆட்டங்களைத் தனியாக என்.பி.சி. டெலிவிஷனுக்கு விற்றது. இந்த ஒப்பந்தம் இப்போது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பென் ஸ்டேட், ஃப்ளோரிடா ஸ்டேட், மயாமி என்று தனியே நின்ற பெரிய அணிகள் எல்லாம் 1990களின் தொடக்கத்திலேயே ஏதாவதொரு கூட்டில் போய்ச் சேர்ந்துவிட்டன.

பணக்கணக்கும் நீங்கள் நினைப்பதுபோல ஒருபக்கமாக இல்லை. 2024 பருவத்தில் நோட்டர் டேம் இறுதி ஆட்டம் வரை போய் ஓஹையோ ஸ்டேட்டிடம் தோற்றது. அதற்குக் கிடைத்த 20 மில்லியன் டாலரை யாருக்கும் பங்கு தராமல் முழுதாக வைத்துக்கொண்டது. ஜெயித்த ஓஹையோ ஸ்டேட் சம்பாதித்தது பிக் டென் உறுப்பினர்கள் 18 பேருக்கும் பிரிந்தது. 2025ல் பிளேஆஃப் கைநழுவியதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. தனியே நிற்பவனுக்கு லாபமும் முழுசு, நஷ்டமும் முழுசு. இதை அவர்கள் தெரிந்தே ஏற்றிருக்கிறார்கள், ஆகவே அநீதி என்று நான் சொல்லமாட்டேன். பிளேஆஃபில் இல்லாத நல்ல அணிகளைப் பருவ முடிவில் ஒரு ஆட்டத்துக்கு அழைப்பார்கள், பவுல் ஆட்டம் என்று பெயர். கோபத்தில் அதுவே வேண்டாம் என்று விலகியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வருடப் பையன்கள் அந்தச் சட்டையோடு இன்னொரு முறை ஆடியிருப்பார்கள்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். "வாலிபால், நீச்சல் மாதிரியான மற்ற விளையாட்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை." எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு?

என் அக்கா மகன் வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற ஊரில் கோதுமை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஒரு இலையுதிர் காலத்தில் அவனோடு போய்த் தங்கினேன். கண்ணுக்கு எட்டிய தூரம் அலை அலையாகக் கோதுமைக் குன்றுகள், நடுவே வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஊர் ஜனத்தொகை ஏறத்தாழ 33,000. ஃபுட்பால் மைதானத்தின் இருக்கைகளும் ஏறத்தாழ அவ்வளவே. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை சுற்றுவட்டார விவசாயிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். மருமகன் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பல்கலைக்கழகப் பால்பண்ணையில் செய்து தகர டின்னில் அடைத்து விற்கும் கூகர் கோல்ட் சீஸை வெட்டிக் கொடுத்து, என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஆட்டத்தின் நடுவிலேயே, பேத்திக்கு மறுநாள் வாலிபால் இருக்கிறது, அதற்கும் வர வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். போனேன். சில நூறு பேர்தான் இருந்தார்கள். பாட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து நின்றார். இரண்டும் அந்த அம்மாவுக்கு ஒரே வாஷிங்டன் ஸ்டேட்தான்.

2023 ஆகஸ்ட் 4. வாஷிங்டன் ஸ்டேட் ஆடிவந்த மேற்குப் பகுதிக் கூட்டான பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. அதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்திருந்தன; கொலராடோ பிக் 12 என்ற இன்னொரு கூட்டுக்குத் திரும்பியிருந்தது. நல்ல டெலிவிஷன் ஒப்பந்தம் கிடைக்கவில்லை, கையில் மிஞ்சியது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் யோசனை ஒன்றுதான், இதுவே சொல்லப்பட்ட காரணம். ஓரிகன் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் (ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் வேறு) பிக் டென்னில் கிடைத்த ஏறத்தாழ பாதிப் பங்குக்கே கிளம்பின. சில வாரத்தில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டான ஏ.சி.சி.க்குப் போயின. 1915ல் தொடங்கிய கூட்டில் கடைசியில் எஞ்சியவர்கள் இருவர்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். ஓரிகன் ஸ்டேட் அந்தக் கூட்டைத் தொடங்கிய நான்கு கல்லூரிகளில் ஒன்று.

அந்த ஆகஸ்ட் 4 அன்று மருமகன் போன் செய்தான். "மாமா, வீட்டுக்காரம்மா காலையிலிருந்து வாயே திறக்கலை" என்றான். ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரிலிருந்து அது ஒளிபரப்பானாலும் பின்னால் கூட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட்டின் கொடி ஒன்று அசைந்துகொண்டிருக்கும். 2003 முதல் ரசிகர்கள் முறைவைத்து, தங்கள் செலவில், அதைக் கொண்டுபோய் அசைக்கிறார்கள். இருபது வருடம் டெலிவிஷனுக்கு அவ்வளவு அன்பு காட்டிய ஜனங்களை, சந்தை சின்னது என்று டெலிவிஷன் கழித்துவிட்டது.

நோட்டர் டேம் தானாகத் தனியே நிற்கிறது. இந்த இருவரும் தனியே விடப்பட்டார்கள். 2025ல் ஓரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி எந்தக் கூட்டிலும் இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆடியது. மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற அணி அது. அந்த அலைச்சலோடும் ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்றான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் வரை போய்ச் சேர்ந்தது. இந்தப் பிள்ளைகளையா கணக்கில் எடுக்கவில்லை என்கிறீர்கள்?

ஸ்டான்ஃபோர்டில் வாலிபால் ஆடும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கான்ஃபரன்ஸில் இப்போது பாஸ்டன் காலேஜ் இருக்கிறது, 4,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஃபுட்பால் அணிக்கு வருடத்தில் 12 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். தனி விமானம் உண்டு. பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 56 ஆட்டம் வரை ஆடும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் வாரநாளிலும் நடக்கும், மறுநாள் வகுப்பு இருக்கும், பரீட்சையும் இருக்கும். அவர்களுடைய ஆட்டத்தை ஒளிபரப்ப யாரும் கோடி கொட்டவில்லை. ஃபுட்பாலுக்கு வந்த விலைக்காக அவர்களைக் கண்டம் தாண்டி அனுப்புகிறார்கள்.

ஃபுட்பால் பணத்தில்தானே நடக்கின்றன என்று கேட்கிறீர்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் உண்மைதான். இருக்கட்டுமே! வீட்டில் மூத்தவன் சம்பாதிக்கிறான் என்பதற்காக, அவன் வேலைபார்க்கும் ஊரில்தான் தம்பி தங்கைகளும் படிக்க வேண்டும், தினமும் ரயிலேறிப் போய்வர வேண்டும் என்று எந்த அப்பாவாவது சொல்வாரா?

ஃபுட்பாலைத் தனியே கழற்றி விற்க முடியும். முடியும் என்பதற்கு அத்தாட்சியே உங்கள் மகனின் கல்லூரி. ஃபுட்பாலில் நோட்டர் டேம் தனி. 2013 முதல் மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஏ.சி.சி.யில் ஆடுகின்றன. (கிழக்குக் கரைக்குப் போவதும் அலைச்சல்தான், அதைப் பற்றியும் எனக்குக் குறை உண்டு, ஆனால் முடிச்சு பிரிக்கக்கூடியது என்பது உறுதியாகிறது.) 2025 பருவத்தில் ஃபுட்பாலின் முதல் தட்டில் மிஞ்சிய இன்னொரு இண்டிபெண்டன்ட் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அவர்கள் செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டல்சாவுக்கும் ஹூஸ்டனுக்கும் போய் ஆடவேண்டிய அமெரிக்கன் கான்ஃபரன்ஸை 2020ல் விட்டார்கள். வெளியேற 17 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பாஸ்கட்பாலைத் தங்கள் பழைய கூட்டான பிக் ஈஸ்டுக்கு, பழகிய எதிரிகளிடம், கூட்டிவந்தார்கள். ஃபுட்பால் தனியே தன் வழியைப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். 2023லும் 2024லும் ஆண்கள் பாஸ்கட்பாலில் தேசியப் பட்டம், 2025ல் பெண்களுக்கு. ஃபுட்பாலும் 2024ல் 9 ஆட்டம் ஜெயித்தது. ஃபுட்பால் டெலிவிஷன் பணத்தில் அவர்களுக்குப் பெரிய நஷ்டம்தான். தெரிந்தே அந்த நஷ்டத்தை ஃபுட்பாலின் தலையில் வைத்தார்கள், மற்றப் பிள்ளைகளின் தலையில் வைக்கவில்லை.

யு.சி.எல்.ஏ. பயிற்சியாளராக இருந்தபோது சிப் கெல்லியும் 2023 டிசம்பரில் இதையே சொன்னார்: நோட்டர் டேம்போல எல்லோருமே ஃபுட்பாலில் தனியாகட்டும், மற்ற விளையாட்டுகள் பக்கத்து ஊர்க்காரர்களோடு இருக்கட்டும். அதே பருவத்தோடு பேக்-12 கலைந்தது. யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம் என்று 2025ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஆட்டக்காரனுக்குப் பணம் போவது நியாயம், வெகுநாள் தாமதமான நியாயம். அந்தப் பணத்துக்காக நீச்சல் குளத்தை மூடுகிறேன், டென்னிஸைக் கலைக்கிறேன் என்று கிளம்புபவர்களோடுதான் எனக்குச் சண்டை.

புல்மன்காரர்கள் ஓய்ந்துவிடவில்லை. பேக்-12ன் பெயரையும் சொத்தையும் நீதிமன்றம் போய் மீட்டார்கள். பாய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் போன்றவர்களைச் சேர்த்து 2026ல் அந்தக் கூட்டு மறுபடி முழு அளவில் ஆட வருகிறது.

நோட்டர் டேம் பிக் டென்னில் சேரவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1999ல் ஆசிரியர் சபை சேரலாம் என்றபோதும் அறங்காவலர்கள் மறுத்தார்கள்; அன்று அவர்கள் செய்தது சரி, இன்றும் சரி. பையனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவன் கல்லூரியில் பெண்கள் வாலிபால் அணி உண்டு. அடுத்த பருவத்தில் ஒரு வாரநாள் ஆட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேரம்தான், நீங்களும் கூடப் போங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களிடம் போன வாரம் எந்த ஊரில் இருந்தீர்கள், எத்தனை வகுப்பு போயிற்று என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.