‘உள்ளது உள்ளபடி’ வாங்கிய காரில் கருகிய வயரிங்: விற்றவருக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒரு பழைய காரை மலிவாக வாங்கினேன். ஒரு முகப்பு விளக்கும் பின்கதவுக் கண்ணாடிகளும் வேலை செய்யவில்லை. “சில்லறை வயரிங் வேலைதான் பாக்கி, அரை நாளில் முடிந்துவிடும்” என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். சொந்தமாக ஓட்டிய வண்டி என்றார், ஆனால் ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்தது. “நண்பர்தான்” என்று சொல்லி, அவர் கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்தார். ரசீதில் ‘உள்ளது உள்ளபடி, பின்னர் எந்தப் புகாருக்கும் இடமில்லை’ என்று எழுதி என்னிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரே வாரத்தில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. எலெக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தபோது வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றின் மேல் புது டேப் சுற்றியிருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் செம்புக் கம்பி இருந்தது. முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும், நாளையே தொடங்கலாம் என்கிறார். விற்றவரோ ரசீதைக் காட்டுகிறார். காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து நாளைய வேலையை நிறுத்துங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டவே வேண்டாம். உங்கள் வழக்கின் உயிரே அந்தப் புது டேப்தான். பழைய வயர்களை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்களிடம் ரிப்பேர் பில் மட்டும் இருக்கும். அது செலவைக் காட்டுமே தவிர, வாங்கிய அன்று வண்டி எப்படி இருந்தது என்பதைக் காட்டாது.

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்ற விவரம் பொதுவாக இருக்கும். அந்த மூடியும் செம்புக் கம்பியும் ஒரே படத்தில் வரட்டும். உருகிய வயர்களை, டேப்பைப் பிரிப்பதற்கு முன்பும் பின்பும், இன்ன காரில்தான் என்று தெரியும்படி வீடியோ எடுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் தேதியிட்ட அறிக்கை வாங்குங்கள். ‘வயரிங் மோசம்’ என்று ஒரு வரி எழுதினால் பயனில்லை. இவ்வளவு உருகல் ஒரு வார ஓட்டத்தில் வந்திருக்க முடியுமா, டேப் சுற்றியவர் கண்ணில் அது படாமல் இருந்திருக்குமா என்ற இரண்டுக்கும் அவர் தம் கருத்தை எழுத வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், செல்போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக்க 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கும்.

இனி அந்த ரசீதுக்கு வருவோம். விற்றவர் நினைப்பது போல அது கவசமும் அல்ல, நீங்கள் ஆசைப்படுவது போல வெறும் காகிதமும் அல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அடிப்படையில் வாங்குபவரைத்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. சரக்கின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பு என்று 16-ஆம் பிரிவு பொதுவாகச் சொல்வதில்லை. சில விதிவிலக்குகளைத்தான் தருகிறது. அந்தப் பொறுப்பையும் உடன்படிக்கையால் நீக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே முகப்பு விளக்குக்கும் கதவுக் கண்ணாடிகளுக்கும் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். தெரிந்தே வாங்கினீர்கள், அதற்காகத்தான் விலையும் குறைந்தது. அவற்றையும் சேர்த்துக் கேட்டால் நியாயமான பகுதியின் மதிப்பும் குறைந்துவிடும்.

மறைத்து விற்பது வேறு விஷயம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், ஒரு குதிரை விற்பனையை உதாரணமாகத் தருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லியும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். உங்கள் விஷயத்தில் மௌனமே இல்லை. “சில்லறை வேலைதான்” என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் டேப் சுற்றி மறைத்தவர் அவர் என்றோ, மறைத்திருப்பது அவருக்குத் தெரியும் என்றோ நிரூபித்துவிட்டால், அது மோசடி. ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொற்கள் மோசடியைக் காப்பாற்றாது.

எதிர்த்தரப்பு வக்கீல், “ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து பார்த்திருக்கலாமே” என்பார். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது ஏமாற்றும் எண்ணமில்லாமல் சொன்ன தவறான கூற்றுக்கும் மோசடியான மௌனத்துக்கும் மட்டுமே. கை வைத்து மறைத்தவர் அதில் ஒதுங்க முடியாது. அதனால்தான் டேப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்: ஆர்.சி. வேறொருவர் பெயரில். சொந்தமாக ஓட்டியவர் என்றால் வண்டி ஏன் தம் பெயரில் இல்லை? மலிவாக வாங்கி, மேலோட்டமாகச் சரிசெய்து, பெயர் மாற்றாமலே கைமாற்றுபவராக இருக்கலாம். அவருடைய மற்ற விளம்பரங்களைத் தேடிப் படம்பிடித்து வையுங்கள். வியாபாரி என்று தெரிந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் திறக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள், வக்கீல் இல்லாமலும் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணமும் கிடையாது. உண்மையிலேயே ஒரே ஒரு வண்டியை விற்ற தனிநபர் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. மலிவு விலைக் காருக்கு அது நீண்ட வழி.

ஆர்.சி.யில் உள்ளவரை நேரில் பாருங்கள், சண்டைக்காக அல்ல. “வயர் எரிந்த நிலையில்தான் கொடுத்தேன், அவருக்கும் தெரியும்” என்று அவர் எழுதிக் கொடுத்தால் விற்றவரின் வாதம் நொறுங்கிவிடும். அவரும் ஒத்துழைக்கக்கூடும். பெயர் மாறும்வரை அந்தக் காரால் விபத்து நேர்ந்தால் சட்டத்தின் முன் உரிமையாளர் அவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் தாமதித்தால் முடியாது. குறை தெரிந்த பிறகும் வண்டியை ஓட்டினாலோ, வயரிங்கை மாற்றினாலோ, நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலோ ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பிறகு இழப்பீடு மட்டுமே மிஞ்சும். ஆகவே இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும்: விற்பனையை ரத்து செய்கிறேன், காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள், இல்லையேல் வயரிங் மாற்றும் செலவைத் தாருங்கள் என்று. வெளிப்படையாகச் சொல்வதானால், இரண்டாவது கோரிக்கையில்தான் பெரும்பாலும் சமரசம் ஏற்படும். மதிப்பீட்டில் பாதிக்கு மேல் தர முன்வந்தால் நான் உங்கள் இடத்தில் ஏற்றுக்கொள்வேன். நோட்டீஸில் போலீஸ் மிரட்டல் வேண்டாம். ஏமாற்றுதல் குற்றம் என்பது உண்மைதான், ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஆதாரம் திரண்ட பிறகு அதை யோசிக்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விற்றவரின் பதில் தெரிந்துவிடும்படி நோட்டீஸில் 10 நாள் கெடு வையுங்கள். காரை வைத்துக்கொள்வது என்று முடிவானால் உடனே விண்ணப்பியுங்கள். கார் கைமாறியதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு உங்களுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களிடம் வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. வயர் கருகிய கார் தீப்பிடித்தால் பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசியை வைத்து உங்கள் இழப்பைக் கேட்க முடியாது.