ஐந்தாம் மாதம், ஆறு கிலோ: ஹெல்த் கோச் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 28. தலைப்பிரசவம், இது 20-வது வாரம். உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 64 கிலோ இருந்தேன், இப்போது 70. டாக்டர் "வெயிட்டைப் பார்த்துக்கோங்க" என்று சொன்னதோடு சரி. அத்தையோ "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்கிறார். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். மாதாமாதம் பணம் கட்டி ஆன்லைனில் ஹெல்த் கோச் ஒருவரிடம் சேரலாமா? (கோவை வாசகி)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கர்ப்பத்துக்கு முன் உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 25.6. இந்த அளவில் இருப்பவர்களுக்குப் பிரசவம் வரை மொத்தம் 7 முதல் 11.5 கிலோ ஏறினால் போதும் என்பது மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. நீங்கள் பாதி வழியிலேயே 6 கிலோ. வேகம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் இனி வாரத்துக்குக் கால் கிலோ என்று போனால் 11 கிலோவில் வந்து நிற்கும். ஏறிய எடையை இறக்க மட்டும் முயல வேண்டாம். கர்ப்ப காலம் அதற்கான நேரமல்ல.

கோச்சிங் என்றதும் பலரும் டயட் சார்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சார்ட் எழுத ஐந்து நிமிடம் போதும். அது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டு அங்கேயே இருக்கும். நான் முதல் சந்திப்பில் சார்ட் கொடுப்பதில்லை. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வேன். உங்களைப் போலவே ஒருவர் மாமியாருடன் வந்திருந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் "பதினோரு மணிக்கு அத்தை ஜூஸ் தருவாங்க" என்றார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையால் ஒரு சொம்பு உயரம் காட்டினார். நாலு மணிக்கு நாட்டுச் சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, படுக்கும்போது குங்குமப்பூப் பால், அதிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. (குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. விலையைக் கேட்டால் நம் முகம்தான் மாறும்.) மாமியாரிடம் கேட்டேன்: "ஜூஸ் பிழியறதுக்குப் பதிலா ரெண்டு சாத்துக்குடியை உரிச்சுக் கொடுத்துடுங்களேன்?" "அது இன்னும் சுலபமாச்சே" என்றார். முதல் வாரத்துக்கு அந்த ஒரு மாற்றம்தான். அது பழகிய பிறகுதான் கஞ்சியைப் பற்றியே பேசினோம்.

நீங்களும் மூன்று நாளைக்கு இதை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பிஸ்கட், மிக்ஸர், கூட ஒரு டீ, எதையும் விட வேண்டாம். எந்த நேரத்தில் கை தவறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மாற்றுவதற்கு அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள்.

அத்தை சொல்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று வைத்தால் ஏறத்தாழ அங்கே வந்துவிடும். இன்னொரு தட்டுச் சோறு அல்ல. கூட வேண்டியது புரதம். நம் வீட்டுத் தட்டில் குறைவதும் அதுதான். நாலு இட்லியை மூன்றாக்கி, சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போடச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துப் போட வேண்டாம். அவை இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

அடுத்து நடை. கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலைக்க வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிட்டபின் மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்துப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், கணக்கு சரியாகிவிடும். சாப்பிட்ட பிறகு நடப்பது சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். நடக்கும்போது பேச வர வேண்டும், பாட மூச்சு பத்தக் கூடாது. அந்த வேகம் போதும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, இரத்தம் பட்டிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் ஒன்றை மறக்காதீர்கள். முதல் செக்கப்பில் சர்க்கரை பார்த்து நார்மல் என்று வந்திருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுப்பீர்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்போதும் உணவிலும் நடையிலும்தான் சிகிச்சை தொடங்கும், பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

சரி, கோச்? சேர்வதில் தவறில்லை. அவர் என்ன படித்திருக்கிறார், இதற்கு முன் கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, எடை குறைப்பைப் பற்றிப் பேசினாலோ, முதல் வாரமே பவுடர் டப்பா விற்றாலோ விலகிவிடுங்கள். பணம் கட்டும் முன் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தினமும் பார்ப்பவர். காசும் கேட்க மாட்டார்.

இரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, பார்வை மங்கல், குழந்தை துடிப்பு தெரிய ஆரம்பித்தபின் அது குறைவது, இவற்றில் எது வந்தாலும் கோச்சுக்கு வாட்ஸ்அப் அனுப்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிப் போங்கள், அந்த மூன்று நாள் நோட்டோடு. "வெயிட்டைப் பார்த்துக்கோங்க" என்பதை டாக்டர் இந்த முறை அவரிடம் சொல்லட்டும்.