சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் நீர்) வைட்டமின் டி ரிசெப்டாரை எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) அளக்கிறேன். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு நன்றாக வருகிறது, சாம்பிள் எல்லாம் புரதமே இல்லாத பிளாங்க் மாதிரி வருகிறது. என் கைதான் தப்பா?

இல்லை. கை தப்பாக இருந்தால் ஸ்டாண்டர்டும் சேர்ந்து கெட்டிருக்கும். எம்.எஸ்சி. புராஜெக்ட் என்று நினைக்கிறேன், கைடு திட்டியிருப்பார். அந்தத் திட்டு எனக்கும் விழுந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை, மதுரையில் 14 வருடமாக லேப் டெக்னீஷியன்.

ஒரு மே மாதம். மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 40 பேரிடம் ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்து வைத்திருந்தோம். ஸ்டாண்டர்டு எட்டு, இரட்டையாக 16 வெல் (பிளேட்டில் உள்ள குழி). சாம்பிளும் இரட்டையாக 80 வெல். பிளேட்டில் ஓர் இடம் மிச்சமில்லை. நிறம் தரும் டி.எம்.பி. விட்டதும் முதல் இரண்டு வரிசை நீலமாக எழும்பி வந்தது, ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் மஞ்சளானது. மற்ற பத்து வரிசையும் வெறும் தண்ணீர். 450 நானோமீட்டரில் படித்தால் பிளாங்க்குக்கும் சாம்பிளுக்கும் வித்தியாசமே இல்லை. “நீ ஒழுங்கா வாஷ் பண்ணலை” என்றார் பொறுப்பில் இருந்தவர். இப்படி மூன்று பிளேட். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

வி.டி.ஆர்., அதாவது வைட்டமின் டி ரிசெப்டார், 427 அமினோ அமிலம் கொண்ட புரதம். செல்லுக்குள், பெரும்பாலும் நியூக்ளியஸில் இருந்துகொண்டு, டி.என்.ஏ.வைப் பிடித்து ஜீன்களை இயக்குவது அதன் வேலை. சீரத்தில் ஏராளமாக இருப்பது வைட்டமின் டி-யைச் சுமக்கும் பைண்டிங் புரோட்டீன், அது வேறு. லேப் ரிப்போர்ட்டில் வரும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி இன்னும் வேறு. செல்லையெல்லாம் கட்டியாக்கிக் கீழே தள்ளிவிட்டு, மேலே நிற்கும் நீரில் செல்லுக்குள் இருப்பதைத் தேடியிருக்கிறோம்.

“சீரத்தில் அளந்து கட்டுரை வந்திருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். வந்திருக்கிறது. செத்த செல்லிலிருந்து கொஞ்சம் கசியவும் செய்யலாம். ஆனால் கிட் புத்தகத்தில் ‘சீரம்’ என்று அச்சடித்திருப்பது மட்டும் சாட்சி ஆகாது. ஆன்டிபாடி வேறு புரதத்தைப் பிடிக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். பட்டை 50 கிலோ டால்டன் பக்கத்தில் விழ வேண்டும்.

அப்புறம் செல்கள் வேண்டுமே என்று, ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் புதிதாக ரத்தம் எடுக்கப் போனோம். ஒரு பாட்டி கையை நீட்டிக்கொண்டே, “போன தடவை குடுத்த ரத்தம் என்னாச்சு தாயி?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாயே வரவில்லை.

அன்றே ஃபைக்காலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) வெள்ளை அணுக்களைப் பிரித்து, ஐஸிலேயே வைத்து நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட், அதாவது நியூக்ளியஸில் உள்ள புரதங்களின் சாறு, எடுத்தேன். அதற்கான பஃபர் கரைசலில் உப்பும், புரதத்தின் பிணைப்பை உடைக்கும் டி.டி.டி.யும் அதிகம், அப்படியே பிளேட்டில் ஊற்றினால் ஆன்டிபாடி ஒழுங்காகப் பிடிக்காது. நீர்த்துத்தான் போட வேண்டும். மொத்தப் புரதத்தையும் அளந்து, மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டேன். இன்னொன்று: கிட்டில் ‘ரூம் டெம்பரேச்சர்’ என்பது 18 முதல் 25 டிகிரி வரை. மதுரை மே மாத அறை அது இல்லை. ஏ.சி. போடாமல் வைத்தால் ஓர வெல்களின் ரீடிங் தனியாக ஏறிக்கொள்ளும். நான்காவது பிளேட்டில் சாம்பிள் வரிசையிலும் நீலம் வந்தது. கட்டுரை வந்தபோது அதில் என் பெயர் இல்லை. நன்றிப் பகுதியில்கூட இல்லை. இது நீங்கள் கேட்காத விஷயம், ஆனாலும் மனது ஆறவில்லை. உங்கள் லேபில் டெக்னீஷியன் இருந்தால் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ஒன்று செய்யுங்கள். ஒரு சீரம் சாம்பிளில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைக் கலந்து, கலக்காததையும் பக்கத்திலேயே வைத்து ஓட்டுங்கள். கலந்த அளவு முழுசாகத் திரும்பி வந்தால் கிட்டும் சரி, உங்கள் கையும் சரி. சாம்பிளில்தான் கிட்டுக்குத் தெரியும் அளவுக்கு அந்தப் புரதம் இல்லை. குறைந்து வந்தால் சீரத்தில் ஏதோ தடுக்கிறது. எது வந்தாலும் அந்த ரீடிங்கை பிரிண்ட் எடுத்து உங்கள் கைடு மேசையில் வையுங்கள்.