நோட்டில் தெரியும் தப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றினோம். அதிலிருந்து இறங்குமுகம்தான். போன தேர்வில் 50க்கு 17. வகுப்பு ஆசிரியை ‘கவனமில்லை’ என்கிறார். டியூஷன் ஆசிரியை ‘தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்க வையுங்கள்’ என்கிறார். கணவர் அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார். மாமியாரோ, ‘நம் வீட்டுப் பெண்களுக்கே கணக்கு வராது, விடு’ என்று அவள் எதிரிலேயே சொல்கிறார். கணக்குத் தேர்வு நாளில் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது.

டிஸ்கால்குலியா என்று, எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதிலேயே வரும் கற்றல் குறைபாடு ஒன்று இருப்பதாக இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவளுக்கு உண்மையிலேயே தனி உதவி தேவையா, வளர வளரச் சரியாகிவிடுமா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? மூத்தவன் எட்டாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் 95க்கு மேல். அவனைப் பற்றிக் கவலையில்லை. மகளின் நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

க., கரூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கம் அதிகம் பேசுகிறது. நான்கு கழித்தல் கணக்குகள். 76 − 32 = 44, சரி. 52 − 37 = 25, தப்பு. 81 − 46 = 45, தப்பு. 403 − 186 = 383, தப்பு. மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, கீழே ‘கவனம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கவனம் சிதறிய குழந்தை இப்படித் தப்பு செய்யாது. ஒரு கணக்கில் எண்ணை மாற்றி எழுதும், இன்னொன்றில் கூட்டிவிடும், மூன்றாவதைப் பாதியில் விட்டுவிடும். உங்கள் மகள் மூன்று கணக்கிலும் ஒரே விதியைத்தான் பின்பற்றியிருக்கிறாள். 52 − 37இல் 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதுகிறாள். 403இல் பத்தின் இடத்தில் பூஜ்யம். அங்கே 8இலிருந்து பூஜ்யத்தைக் கழித்து 8. மேலே கீழே என்று பார்ப்பதே இல்லை, எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள். ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்’ என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவள் இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறாள். இவளையா கவனமில்லாதவள் என்கிறார்கள்!

இரண்டாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண் வாங்கியதும் இதனால்தான். கடன் வாங்காத கழித்தலுக்கு இந்த விதி போதும். சின்ன எண்களுக்கு விரல் போதும். கடன் வாங்க வேண்டிய இடம் வந்ததும் அடியில் இருந்த ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது. அவள் மட்டுமல்ல. கிராமப்புறக் குழந்தைகளிடம் எடுக்கப்படும் ‘ஏசர்’ ஆய்வில் மூன்றாம் வகுப்புக்கு வைக்கும் அளவுகோலே கடன் வாங்கும் இரண்டு இலக்கக் கழித்தல்தான். 2024 ஆய்வில், நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பில் மூன்றில் ஒரு குழந்தைக்குத்தான் அது வந்தது. மற்ற இரண்டு பங்குக் குழந்தைகளுக்கும் மூளையில் கோளாறு என்றா சொல்ல முடியும்?

எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், உதவி தேவை. காத்திருந்தால் தானாகச் சரியாகாது. அவளுக்குப் பிடிபடாதது இடமதிப்பு, அதாவது ஒன்று, பத்து, நூறு என்று நிற்கும் இடத்தைப் பொறுத்து எண்ணுக்கு வரும் மதிப்பு. அடுத்து வரும் வகுத்தல், பின்னம், தசமம் எல்லாமே அதன் மேல்தான் ஏறி நிற்கும். எந்த உதவி என்பதை ஒரு மாலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டையும் அவளிடம் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் நாணயங்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 37 ரூபாய் தரச் சொல்லுங்கள். ‘சில்லறை இல்லையே’ என்று சொல்லி ஒரு பத்தை உங்களிடம் கொடுத்துப் பத்து நாணயமாக மாற்றிக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. கையில் 15 மீதம் இருப்பதைப் பார்த்ததும், நோட்டில் அவள் எழுதிய 25ஐ எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பணத்தில் தெரிந்தது தாளில் தெரியவில்லை என்றால், இரண்டையும் இணைத்துக் காட்ட ஆளில்லை என்று பொருள். சில வாரப் பழக்கத்தில் தீரும்.

பத்தை மாற்றலாம் என்றே தோன்றவில்லை என்றால் இன்னும் கீழே இறங்க வேண்டும். 8 புளியங்கொட்டைகளை எண்ணி வைத்துக் கையால் மூடிவிட்டு, 5 கொட்டைகளை வெளியே வைத்து மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். 8இலிருந்து ‘ஒன்பது, பத்து’ என்று தொடர்கிறாளா, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாளா? விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரியவர்களும் செய்வதுதான். நான்காம் வகுப்பில் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். 103இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள்; 100ஐத் தாண்டும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நூற்று ஐந்தை எழுதச் சொல்லுங்கள். 1005 என்று எழுதுகிறாளா பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள், இல்லையென்றால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று புரிந்துகொண்டு அழித்துவிடுவாள்.

பள்ளி மாற்றத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை அப்படிக் கடந்துபோக முடியாது. ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள வாசகக் கணக்கு ஒன்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் கேட்டதும் போட்டுவிட்டால் அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை. கரும்பலகையிலிருந்து எண்களைத் தப்பாகப் பார்த்து எழுதுகிறாளா என்பதையும் கவனியுங்கள். அப்படியிருந்தால் முதலில் கண் மருத்துவர்.

டிஸ்கால்குலியா உண்மையானதுதான். 100 குழந்தைகளில் 3 முதல் 7 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளில் இதையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் சரியான உதவி கொடுத்தும் ஆறு மாதமாவது தடுமாற்றம் நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். உங்கள் மகளுக்கு அந்த உதவி இன்னும் தொடங்கவேயில்லை. இரண்டு குவியலில் எது அதிகம் என்று பார்த்துச் சொல்ல முடியாமை, மூன்று நான்கு பொருளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணுதல், நேற்று புரிந்தது இன்று முழுக்க மறைந்துபோதல் ஆகியவை தொடர்ந்து இருந்தால் மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அபாகஸ் வேண்டாம். எண்களை வேகமாகக் கூட்ட அது உதவலாம். இவளுடைய சிக்கல் வேகம் இல்லை. டியூஷனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மறுநாள் வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புகிறார்கள் என்றால் காசு வீண். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துச் சொல்லிக்கொடுக்க அந்த ஆசிரியைக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். வாய்ப்பாடு நல்லதுதான், கொஞ்சம் பொறுக்கலாம். மாமியாரிடம் மட்டும், அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழ வேண்டாம் என்று உங்கள் கணவரை விட்டே சொல்லச் சொல்லுங்கள். வயிற்றுவலி நடிப்பு இல்லை. தெரியாததைக் கேட்கப்போகிறார்கள் என்ற பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். கழித்தல் சரியாகும்போது அதுவும் குறைகிறதா பாருங்கள்.

இனி, நீங்கள் கவலையில்லை என்று விட்டுவிட்ட மூத்தவன். அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13, 7/8 என்ற இரண்டு பின்னங்களையும் கூட்டினால் விடை எதற்கு அருகில் வரும்: 1, 2, 19, 21? 2 என்று சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் மேலே உள்ளதைக் கூட்டி 19 என்றோ, கீழே உள்ளதைக் கூட்டி 21 என்றோ சொன்னார்கள். உங்கள் பையனிடம் இதைக் கேளுங்கள். அவன் 19 என்று சொல்ல மாட்டான், 95 வாங்குகிறவன். பேனாவை எடுத்து மீச்சிறு பொது மடங்கு 104 என்று எழுதத் தொடங்கினால், பேனாவை வாங்கி வைத்துவிட்டு, 12/13 ஒன்றைவிடப் பெரியதா சிறியதா, எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு பின்னமும் ஒன்றுக்கு அருகில் என்று தெரிந்தால் பேனாவே தேவையில்லை.