பழைய கருவிகளில் விளக்கு செய்ய விரும்பும் மகள்: ஒரு பெற்றோருக்குப் பதில்

அன்புடையீர்,

பட்டறைகளில் ஒதுக்கப்பட்ட இழைப்புளி, கை டிரில், வைஸ் முதலியவற்றை மேசை விளக்குகளாக மாற்றுவதையே தொழிலாகக் கொள்ள உங்கள் மகள் விரும்புவதாகவும், இது வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடுமோ என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கைவினையாகத் தோன்றினாலும் இது அடிப்படையில் மின்பணி என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே அவளுடைய ரசனையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மின்பணியை முறைப்படி கற்க அவள் ஆயத்தமாக இருக்கிறாளா என்று கேளுங்கள்.

வார்ப்பிரும்பு இழைப்புளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒயர் நுழைவதற்காக அதில் இடும் துளையின் விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும், அது நாளடைவில் ஒயரின் மேலுறையை அறுத்து, விளக்கின் உடல் முழுவதிலும் மின்சாரம் பாயச் செய்துவிடும். எனவே விளிம்பை அரத்தால் மழுக்கி, ரப்பர் வளையம் பொருத்தி, வெளியிலிருந்து இழுத்தாலும் உள்ளிணைப்பு அசையாதபடி ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைப் போட வேண்டும். மூன்று கம்பி ஒயரின் பச்சை-மஞ்சள் எர்த் கம்பியை, பெயிண்டும் துருவும் சுரண்டப்பட்ட வெற்று உலோகத்தில் திருகி, இணைப்பு சரியாக உள்ளதா என்று மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள இ27 திருகு ஹோல்டரில் மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் (phase) கம்பி நடுமுனைக்கும், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி மரைப்பகுதிக்கும் செல்ல வேண்டும். இவை இடம் மாறினால், சுவிட்ச் அணையாத நிலையில் பல்பு மாற்றுபவரின் விரல் மின்னோட்டமுள்ள உலோகத்தில் பட்டுவிடலாம். விளக்குகளின் பாதுகாப்புக்கென பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60598 என்ற தரநிலை உள்ளது. விற்பனைக்குச் செய்பவர் அதை அறிந்திருப்பது அவசியம்.

துருவை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து நீக்கலாம். கழுவியவுடன் உலர்த்தி எண்ணெயோ மெழுகோ பூசாவிட்டால் துரு உடனே திரும்பிவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்க்க அவளை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லாக் கருவிகளும் துளையிடத் தக்கவையும் அல்ல. அரிய கருவியைச் சேகரிப்பாளர்கள் அதன் மூல வடிவிலேயே மதிப்பார்கள். துளையிட்டபின் அந்த மதிப்பு மீளாது.

வருமானத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு விளக்கும் தனித்தன்மை உடையது என்பதே இத்தொழிலின் ஈர்ப்பும் இடரும். ஒரே அச்சில் நூறு செய்து செலவைக் குறைக்க வழியில்லை. கருவி தேடுவது, தூய்மை செய்வது, மெருகிடுவது என எல்லா மணி நேரமும் விலையில் சேர வேண்டும். இந்தக் கணக்கைத் தவிர்ப்பவர்களே பெரும்பாலும் சோர்ந்து விலகுகிறார்கள். எலக்ட்ரீஷியன் பயிற்சி கையில் இருந்தால், விளக்கு விற்காத மாதத்திலும் அவளுக்கு வேலை கிடைக்கும். கண்காட்சி, நாடக மேடை, உணவக ஒளியமைப்பு போன்ற துறைகளிலும் நுழைய முடியும்.

முதல் விளக்கை அவள் ஒரு தகுதிபெற்ற மின்பணியாளரின் மேற்பார்வையில் செய்யட்டும். செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டுடன் இருவரும் வாருங்கள். எந்தப் பயிற்சியில் சேர்ப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.