பிஸ்கட் ஏன் கல்லானது?

கேள்வி: ஈஸ்ட்டும் மோரும் சேர்த்து, அமெரிக்கத் தென்மாநிலங்களில் செய்வது போன்ற, பன் மாதிரி மென்மையான பிஸ்கட் சுட்டுப் பார்த்தேன். உப்பவே இல்லை, கல்லாகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: முதலில் ஈஸ்ட்டைச் சந்தேகியுங்கள். முதல் தடவை நான் அதைக் கொதிநீரில் போட்டுக் கொன்றுவிட்டு, மாவு பொங்கும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்! 40 டிகிரி செல்சியஸ், அதாவது விரலுக்கு இதமான சூடு போதும். சிட்டிகை சர்க்கரையோடு கலந்தால் 10 நிமிடத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கை. இது அடித்துப் பிசைகிற மாவு அல்ல. குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, ஈஸ்ட்டையும் புளித்த கெட்டி மோரையும் ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அந்த வெண்ணெய்த் துணுக்குகள் உருகி, அவற்றின் ஈரம் ஆவியாகும்போதுதான் அடுக்குகள் பிரிகின்றன. ஒரு கப் மோருக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை மைதாவோடு முன்பே சலித்திருக்க வேண்டும்.

வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகாதீர்கள். ஓரம் ஒட்டிக்கொண்டால் மேலே எழாது. தட்டில் நெருக்கி அடுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள்.