மண்டிக்கு வந்த பாசுமதி

கேள்வி: கடையில் பாசுமதி அரிசி கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. அப்படியிருந்தும் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் கட்டுப்படியாகவில்லை என்கிறார்களே, ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சாதாரண நெல்லுக்கு உள்ள குறைந்தபட்ச ஆதார விலை பாசுமதிக்குக் கிடையாது. சவூதி அரேபியா, இரான், இராக் ஆகிய நாடுகளின் தேவையைக் கணக்கிட்டே வியாபாரி மண்டியில் ஏலம் கேட்கிறார். 2023 ஆகஸ்டில், பாசுமதி என்ற பெயரில் வேறு அரிசி கப்பலேறுவதைத் தடுக்க, டன்னுக்கு 1,200 டாலருக்குக் குறைந்த ஏற்றுமதி ஒப்பந்தங்களை மத்திய அரசு நிறுத்தியது. அக்டோபரில் அந்த வரம்பு 950 டாலராகக் குறைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. நோக்கம் சரிதான், புதுநெல் மண்டிக்கு வரும் சமயம் பார்த்து அறிவித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைவிடக் கடினமான சிக்கல் மருந்து எச்சம். குலைநோய் என்ற பூஞ்சை நோய் நெற்கதிரின் கழுத்தைத் தாக்கினால் அந்த இடம் கறுத்து, கதிர் ஒடிந்து தொங்கி, மணிகள் பால் பிடிக்காமல் பதராகிவிடும். கதிர் வெளிவரும் அந்தப் பருவத்தில் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளித்தால் பயிர் தப்பும். ஆனால் அறுவடைக்குச் சில வாரங்களே இருப்பதால் மருந்தின் எச்சம் அரிசியில் தங்கிவிடுகிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2017 இறுதியில் பாசுமதிக்கான அளவை 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது, அதாவது நூறில் ஒரு பங்காக. பலருடைய நெல்லும் கலந்தே ஆலைக்குப் போகும்போது, மருந்தைத் தவிர்த்த ஒருவரின் கட்டுப்பாடும் வீணாகிவிடலாம்.

பஞ்சாப் அரசு பாசுமதிப் பருவத்தில் சில மருந்துகளின் விற்பனையைத் தடை செய்கிறது. அதைக் காட்டிலும் நான் நம்புவது, குலைநோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும்படி புது தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 2021-இல் வெளியான பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகிய ரகங்களைத்தான். தெளிக்கும் தேவையே குறைந்தால் எச்சத்தைப் பற்றிய அச்சமும் குறையுமல்லவா?

கேள்வி: நம் சீரகச் சம்பாவுக்கும் இத்தகைய ஏற்றுமதித் தொல்லை உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 2024 செப்டம்பர் வரை இருந்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு விதிக்கப்பட்ட ஏற்றுமதித் தடையில், சீரகச் சம்பாப் பச்சரிசியும் மலிவான அரிசியோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. உள்நாட்டில் விலையைக் கட்டுப்படுத்துவதற்கே தடை என்றார்கள். பிரியாணி அரிசியைத் துறைமுகத்தில் நிறுத்தினால் அன்றாடச் சோற்றரிசியின் விலை எப்படி இறங்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.